எலக்ட்ரிக்கலில் பிஎச்டி நேர்காணல்: பாடங்களைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் என் பழைய கல்லூரியிலிருந்து இரண்டு மூன்று பேராவது மாதிரி நேர்காணலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கையில் கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய அளவிலான தேர்வு) மதிப்பெண் இருக்கும். ஐஐடி, ஐஐஎஸ்சி என்று பிஎச்டிக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்காகவே ஹாலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்த இருவரும் ஒன்பது வருடத்துக்கு முன்பு நான் செய்த தவறையே செய்தார்கள். சான்றிதழை மறக்காதே, நேரத்துக்குப் போ என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புராஜெக்ட் தலைப்பை "என் பாடம்" என்று சொல்வது

பல நேர்காணல்களில் முதல் கேள்வி, "எந்தப் பாடத்தில் கேட்கலாம்?" என்பதுதான். அந்த அறையில் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை அது. அதற்குப் போய், "மின்வாகன சார்ஜர்", "மைக்ரோகிரிட்" என்று பதில் சொல்கிறார்கள். அவை தலைப்புகள். ஒவ்வொரு தலைப்புக்கும் அடியில் நான்கு பாடங்கள் இருக்கின்றன. அதில் எதை வேண்டுமானாலும் தோண்டுவார்கள்.

நான் சொன்னது பவர் எலக்ட்ரானிக்ஸ். ஃபைனல் இயரில் சோலார் பேனலுக்கு ஒரு பக் கன்வர்ட்டர் செய்திருந்தேன், அந்தத் தைரியம். ஒரு ஸ்விட்சை வேகமாக ஆன், ஆஃப் செய்து டிசி வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட் அது; ஒரு சுழற்சியில் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்குதான் டியூட்டி. குழுவில் நான்கு பேர். மூத்தவர் சாக்பீஸைக் கொடுத்து, பக் கன்வர்ட்டரை வரையச் சொன்னார். வரைந்தேன். "உள்ளே 48 வோல்ட், டியூட்டி 0.25. வெளியே எவ்வளவு?" "12 சார்." "ஏன் 12?" "டியூட்டியை இன்புட்டால் பெருக்கினால் வரும் சார்." "அது ஃபார்முலா. அது ஏன் அப்படி வருகிறது?" நான் அதே ஃபார்முலாவைப் பலகையில் கொஞ்சம் பெரிதாக எழுதினேன். அவர் விடவில்லை. "சரி, லோடைக் கழற்றிவிட்டால்?" "அப்போதும் 12தான் சார், ஃபார்முலாவில் லோடே வரவில்லையே." அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டியலில் என் பெயர் இல்லை. ஒரு வருடம் போனது.

அந்தக் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். சர்க்யூட் ஒரு நிலையான ஓட்டத்துக்கு வந்த பிறகு, ஒவ்வொரு சுழற்சியும் தொடங்கும்போது இண்டக்டரில் (கம்பிச் சுருளில்) எவ்வளவு கரண்ட் இருந்ததோ, முடியும்போதும் அதே அளவு இருக்கும். இல்லாவிட்டால் கரண்ட் ஏறிக்கொண்டே போக வேண்டும், அல்லது இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஆகவே இண்டக்டரின் சராசரி வோல்டேஜ் பூஜ்ஜியம். ஸ்விட்ச் ஆனில் இருக்கும் கால்வாசி நேரம் அதன் மேல் 48 கழித்தல் 12, அதாவது 36 வோல்ட். மீதி முக்கால்வாசி நேரம் மைனஸ் 12. 36-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 9, 12-ஐ 0.75-ஆல் பெருக்கினாலும் 9. சமன். ஃபார்முலா இங்கிருந்துதான் பிறக்கிறது. லோடைக் குறைத்துக்கொண்டே வந்தால், சுழற்சி முடிவதற்குள் கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். டயோட் அதைத் திரும்பி ஓட விடாது. மைனஸ் 12 நீடித்த நேரம் சுருங்குகிறது, பழைய சமன் உடைகிறது, அவுட்புட் 12-க்கு மேல் ஏறுகிறது. லோடு அடியோடு இல்லை என்றால் கெபாசிட்டருக்குள் போகும் சார்ஜுக்கு வெளியேற வழி இல்லை. வோல்டேஜ் 48-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகும்.

இதற்குப் பவர் எலக்ட்ரானிக்ஸ் புத்தகம்கூடத் தேவையில்லை. இண்டக்டர் வோல்டேஜ் கரண்ட் மாறும் வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று இரண்டாம் வருட சர்க்யூட் தியரியில் படித்ததுதான் முழுவதும். டிரான்ஸ்ஃபார்மரில் கொஞ்சம் டிசி கலந்தால் கோர் ஏன் சாச்சுரேட் ஆகிறது (அதற்கு மேல் காந்தமாக முடியாமல் நிற்கிறது) என்பதற்கும் இதே கணக்கு. அங்கே சமன் ஆகாத வோல்ட்-செகண்ட் (வோல்டேஜை நேரத்தால் பெருக்கியது) சுழற்சிக்குச் சுழற்சி சேர்ந்து ஃபிளக்ஸை, அதாவது காந்தப் பாயத்தை, ஒரே பக்கம் தள்ளுகிறது. ஒரு வேரைப் பிடித்தவருக்கு இரண்டு பாடம் கையில் வருகிறது.

ஞாயிறு வந்த தம்பியிடம் இதே 48, 0.25 கேள்வியைக் கேட்டேன். கலர் பேனாவில் அழகாக எழுதிய ஃபார்முலா நோட்டு வைத்திருந்தான். "12 அக்கா. லோடு இல்லாட்டியும் 12தான்." கேட் ரேங்க் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். எனக்கு அவன் மேல் கோபமில்லை. ஆனால் இப்படித் தயாராகும் முறை மேல் இன்னும் எரிச்சல் வருகிறது. கேட்டில் 3 மணி நேரத்தில் 65 கேள்வி. அங்கே ஃபார்முலா ஓடும், ஓடத்தான் வேண்டும். நேர்காணலில் அரை மணி நேரத்துக்கு மூன்று கேள்விதான் வரும், மூன்றுமே "ஏன்" என்று முடியும். முதல் தேர்வுக்குப் படித்த நோட்டையே தூக்கிக்கொண்டு இரண்டாவதுக்குப் போனால் என்னைப் போல ஒரு வருடம் போய்விடும்.

வெற்றுப் பலகையில் அரை மணி நேரம் ஆரம்பத்திலிருந்து வருவித்துக் காட்ட முடிகிற பாடத்தைச் சொல்லுங்கள். அது சர்க்யூட் தியரியாக இருந்தால் சர்க்யூட் தியரி என்றே சொல்லுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

பத்துப் பாடத்தையும் திரும்பப் படிப்பது

வேண்டாம். பவர் பக்கம் போகிறவருக்கு சர்க்யூட், மெஷின்ஸ், பவர் சிஸ்டம்ஸ், கொஞ்சம் கன்ட்ரோல். கன்ட்ரோல் பக்கம் போகிறவருக்கு லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், கன்ட்ரோல். சிக்னல் பிராசஸிங், கம்யூனிகேஷன் என்றால் சிக்னல்ஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, பிராபபிலிட்டி. அதோடு ரேண்டம் பிராசஸும் (நேரத்தோடு தற்செயலாக மாறும் சிக்னல்களின் கணிதம்) படிக்க வேண்டும். கேட் எலக்ட்ரிக்கல் சிலபஸில் அது இல்லாததால் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

கணக்கை 13 மதிப்பெண்ணாகப் பார்ப்பது

கேட் எலக்ட்ரிக்கல் தாளில் கணிதத்துக்கு 100-க்கு 13. அந்த விகிதத்திலேயே நேர்காணலுக்கும் படிக்கிறார்கள். தம்பியுடன் வந்த பெண்ணிடம் மேல் வரி 2, 1, கீழ் வரி 1, 2 என்று ஒரு மேட்ரிக்ஸ் கொடுத்தேன். பத்து நொடியில் ஐகன்வேல்யூ 3, 1 என்று சொல்லிவிட்டாள். "சரி, இந்த மேட்ரிக்ஸால் (1, 1) என்ற வெக்டரைப் பெருக்கினால் என்ன ஆகும்?" திகைத்து நின்றாள். பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். (3, 3) வந்தது. திசை மாறவில்லை, நீளம் மட்டும் மூன்று மடங்கு. "இதுதானா அக்கா அந்த 3?" என்று கேட்டாள். டிடர்மினன்டைப் பூஜ்ஜியமாக்கி விடை எடுப்பது ஒரு வழிமுறை மட்டுமே. பொருள் அந்தத் திசையில் இருக்கிறது. ஸ்டேட் ஸ்பேஸில் ஸ்டெபிலிட்டி கேட்டாலும் இதே பொருளுக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

ஃபைனல் வேல்யூ தியரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது

காலம் போகப் போக அவுட்புட் எந்த அளவில் நிற்கும் என்று சொல்லும் தியரம் இது. அவுட்புட் ஒரு அளவில் நிற்காவிட்டால் இது செல்லாது, ஆகவே முதலில் போல்கள் (டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனின் கீழ்ப்பகுதி பூஜ்ஜியமாகும் இடங்கள்) எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

மெஷர்மென்ட்ஸுக்கு அதிக நாள் ஒதுக்குவது

நான்கு நாள் போதும்.

ரிசர்ச் மெத்தடாலஜியை ஒதுக்குவது

பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் நுழைவுத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இது. யுஜிசியின் 2022 விதிமுறைப்படி அந்தத் தாளில் பாதி ரிசர்ச் மெத்தடாலஜி, பாதிதான் பாடம். 50 சதவீதம் எடுத்தால்தான் நேர்காணலுக்கே தகுதி, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. அப்புறம் இறுதிக் கணக்கில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. மெஷின்ஸில் கில்லாடியான ஒரு நண்பர், சாம்பிளிங், ஹைபாதசிஸ் டெஸ்ட் பக்கத்தைத் திறக்காமலே போய் எழுத்துத் தேர்வில் நின்றுவிட்டார்.

பலகையில் பழகாமல் போவது

உட்கார்ந்து நோட்டில் போடுவது வேறு, நின்றுகொண்டு பேசியபடியே வரைவது வேறு. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். அச்சுக்குப் பெயர் எழுதி, அலைவடிவத்தைச் சரியாக வரைந்தால் பாதிப் பேச்சு குறைந்துவிடும். அந்தத் தம்பியை இண்டக்டர் கரண்டை முதலில் தமிழில் சொல்லிக்கொண்டே வரையச் சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில். மூன்றாவது முறை, கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொடும் இடத்தில் அவனே நிறுத்தி, "இங்கே டயோட் ஆஃப், அக்கா. அப்ப 12 இல்ல" என்றான்.