பழங்கதையை மறைத்த பெண்ணும் மெல்ல அவிழும் மர்மமும்: நாவலாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

தன் பழைய வாழ்வை மறைத்துக்கொண்டு வந்து குடியேறிய ஒரு பெண்ணை வைத்து மர்ம நாவல் எழுத விரும்புகிறவர், அவள் மறைப்பது என்ன, அது யாருக்குத் தெரியும், தெரிந்தவர் இதுவரை ஏன் வாய் திறக்கவில்லை என்ற மூன்றையும் முதல் அத்தியாயத்துக்கு முன்பே தமக்காக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் கடினம், அதற்கு விடை இல்லாத கதையில் மர்மம் ஆசிரியரின் பிடிவாதத்தால் மட்டுமே நீடிக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் கதை நடக்குமானால் துப்பறிபவர் எவரும் தேவையில்லை. புதிதாக வந்தவளிடம் "எந்த ஊரு, யாரு வீடு?" என்று தெருவே கேட்டுவிடும். அதைவிடக் கூர்மையான கேள்வி பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும். வெளியூரில் பிழைப்பவர்கள்கூட அன்று தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலைத் தேடி வந்துவிடுவார்கள். "மயினி, ஒங்களுக்கு எந்தச் சாஸ்தா?" என்று அடுத்த வீட்டுக்காரி சாதாரணமாகத்தான் கேட்பாள். முதல் ஆண்டு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பலாம். அடுத்த ஆண்டுக்கு வேறொரு சாக்கு. மூன்றாம் ஆண்டு அவள் ஏதோ ஒரு கோயிலின் பெயரைச் சொல்ல, அந்தக் கோயிலுக்கே போகும் குடும்பம் ஒன்று அதே தெருவில் இருக்க வேண்டும். செய்தியைத் தள்ளிப்போட்டு வாசகரைக் காக்கவைப்பது சலிப்பையே தரும். செய்தியை முன்பே கொடுத்துவிட்டு, அதன் பொருளை நூறு பக்கம் கழித்து மாற்றுங்கள்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் அவளைக் குடிவைத்தால் பீடித் தொழில் கதைக்குக் கைகொடுக்கும். மடியில் சுளகு, அதில் தூளும் வெட்டிய இலையும் இருக்க, வாய் ஊர்க்கதை பேசினாலும் விரல்கள் நிற்பதில்லை. சுற்றிக் கொடுக்கும் பீடியின் கணக்கை எழுதும் பாஸ்புத்தகம் ஒருவர் பெயரில் இருக்க, அதற்கு வேறொருவர் சுற்றிக் கொடுப்பது அங்கே புதிதல்ல என்பதால், அவள் பெயர் இல்லாத புத்தகம் தொடக்கத்தில் எவருக்கும் உறுத்தாது. வருங்கால வைப்பு நிதிக்காகக் (பி.எஃப்.) கையெழுத்தும் புகைப்படமும் கேட்கப்படும் நாளில், அந்தப் பெயருக்கு உரியவள் எங்கே என்ற கேள்வி எழட்டும். அவளுடைய பதற்றத்தை முகம் வெளிறியதாக எழுதிக் காட்ட வேண்டாம். அன்று அவள் கட்டிய கட்டு ஒன்றில் 25க்குப் பதில் 24 பீடி இருப்பதைக் கடையில் எண்ணுபவர் கண்டுபிடித்தால் போதும்.

காலக்கணக்கில் கவனம் தேவை. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தோடு போய்விட்டதாக ஊரார் நம்பிய பெண்ணே இவள் என்று வைத்துக்கொண்டால், ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ள இடமளித்த அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, 1999 இறுதியில் சொத்துக்காகக் கணவன் வீட்டாரை நீதிமன்றத்துக்கு அழைத்துவரும். ஆலங்குளம் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1999இல் அங்கே தென்காசி மாவட்ட எஸ்.பி. வந்து விசாரித்தால் உள்ளூர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

உண்மை வெளிப்படும் இடத்தைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒதுக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும், அவளே அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிடட்டும். கேட்டவள் காவல் நிலையத்துக்குப் போவாளா, தன் புருஷனிடம் மட்டும் சொல்வாளா, எதுவும் தெரியாததுபோல் மறுநாளும் திண்ணையில் வந்து உட்கார்ந்து பீடி சுற்றுவாளா என்பதை எழுத மீதிப் பக்கங்கள் அத்தனையும் வேண்டியிருக்கும்.