கடைக்காரர்களுக்கு ஆப் விற்கிறீர்களா? ஆட்டோபே வேண்டாம், பேக் போடுங்கள்

வியாபாரிகளுக்கான ஆப் என்றால் மாதச் சந்தாவைத் தானாகக் கழிக்காமல், மொபைல் ரீசார்ஜ் மாதிரி பேக்காக விற்றுப் பாருங்கள். கூகுள் பிளேயில் சந்தா உருவாக்கும்போதே ப்ரீபெய்ட் என்று ஒரு வகை இருக்கிறது.

காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுத ஓர் ஆப் என்று வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நேரத்தில் காசு கழிந்தால் ஆட்டோபேயை நிறுத்துவதோடு ஆப்பையும் தூக்கிவிடுவார்கள். பேக் என்றால் சும்மா விட்டுவிட்டு, படகு கிளம்பியதும் மறுபடி போட்டுக்கொள்வார்கள். போதாததற்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் போயாக வேண்டும், ‘இது எதுக்கு நமக்கு?’ என்று யோசிக்க வைப்பதே அந்த மெசேஜ்தான். பேக் முடிந்தாலும் பழைய கணக்கைப் பார்க்க விடுங்கள், பூட்டினால் கெட்ட பெயர்தான்.

போட்டோ பேக்கப் மாதிரி ஒரு நாள் நின்றாலும் சிக்கல் என்கிற ஆப்களுக்கு இது ஒத்துவராது. அப்புறம், ப்ரீபெய்டில் இலவச ட்ரையல் வைக்க முடியாது. ஐபோனில் தானாகப் புதுப்பிக்காத சந்தா உண்டு, ஆனால் எப்போது முடிகிறது என்பதை நீங்களே ஆப்பில் புரோகிராம் எழுதிக் கவனிக்க வேண்டும்.