ஜன்னல் ஓரம் வைத்த ஆமைக்கு வெயில் கிடைக்கிறதா?

மீன் கடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை ஆமைக்குஞ்சை விற்கிறார்களே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றலோடு, அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். அங்கே மிதக்கும் மரக்கட்டையில் ஏறி, கழுத்தை நீட்டி, பின்னங்கால் விரல்களை விரித்து மணிக்கணக்கில் வெயில் காயும். வாங்கி வருபவர்கள் அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு ஜன்னல் ஓரம் வைத்து, வெயில்தான் படுகிறதே என்று இருந்துவிடுகிறார்கள்.

படுவது வெளிச்சமும் சூடும்தான். ஆமையின் தோலில் வைட்டமின் டி3-யின் முன்வடிவம் உருவாக, வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையான யுவிபி கதிர் (அலைநீளம் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை) வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக மறித்துவிடும். டி3 இல்லையென்றால் தீனியில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உடல் எலும்பிலிருந்து கடன் வாங்கத் தொடங்கும். ஆமைக்கு ஓடும் எலும்புதான். குஞ்சின் ஓடு சற்று நெகிழ்வது இயல்பு. வளர்ந்த ஆமையின் ஓட்டு விளிம்பு விரல் அழுத்தத்துக்கு வளைந்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அடுத்தது விளக்கு. மஞ்சள் சூட்டு பல்பில் யுவிபி கிடையாது. நீல நிற இரவு பல்பிலும் கிடையாது. யுவிபி குழல்விளக்கையே வாங்கினாலும், அது எரிகிற வரை வேலை செய்கிறது என்று நம்புவது தவறு. கண்ணுக்கு அதே பிரகாசம் தெரியும், யுவிபி மட்டும் தேய்ந்துகொண்டே போகும். 6 முதல் 12 மாதங்களுக்குள் மாற்றச் சொல்வது அதனால்தான். தூரம் கூடக்கூட அளவு சரசரவென்று இறங்கும். நெருக்கமான கம்பி வலை குறுக்கே இருந்தால் இன்னும் குறையும். விளக்கைப் பக்கவாட்டில் மாட்டாதீர்கள். வெயில் மேலிருந்து வருவதற்கேற்ப அமைந்த கண்கள் அவை. நேராக அடித்தால் வீங்கி மூடிக்கொள்ளும். சூட்டு பல்பும் யுவிபி விளக்கும் ஒரே இடத்தில் விழட்டும். தோலில் உருவான முன்வடிவம் டி3-யாக மாற உடல் சூடு வேண்டும். குளிர்ந்து கிடக்கும் ஆமையில் அந்த மாற்றம் மந்தமாகிவிடும்.

விளக்குச் செலவை மிச்சப்படுத்த டி3 பொடியை அள்ளித் தூவுகிறவர்களும் உண்டு. எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். தோலில் முன்வடிவம் மிகுந்தால் அதே யுவிபி அதை டி3-யாக முடியாத வேறு பொருள்களாக மாற்றிவிடும். வெயிலால் டி3 அளவு மீறுவதில்லை. வாய்வழியாகப் போவதற்கு அந்தக் கடிவாளம் இல்லை. மிகுந்தால் கால்சியம் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் படியும்.

நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் வெயில்தான் எல்லாவற்றையும்விட மேல். ஆனால் கண்ணாடித் தொட்டியோடு மொட்டை மாடியில் வைத்துவிடாதீர்கள், சிறிது நேரத்தில் வெந்துபோகும். காலை வெயிலில் அகலமான தொட்டி, ஒதுங்கப் பாதி நிழல், இறங்கத் தண்ணீர், மேலே காகம் கொத்தாமல் அகலக் கண்ணி வலை. அதுவே போதும்.