மீட்டர் 78,000 காட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்

கோலாலம்பூரில் குடியேறி இரண்டு மூன்று வருஷம் ஆனதும் நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். பிள்ளைக்கு 17 முடிகிறது, கல்லூரி சுபாங்கிலோ சைபர்ஜெயாவிலோ இருக்கிறது, தினமும் கிராப் பிடித்துக் கட்டுப்படியாகவில்லை. "பழைய எஸ்யூவி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவோம், உயரமா கனமா இருக்கும், பயமில்லை." எங்கள் வீட்டில் இதைச் சொன்னது நான்தான். ஆகவே பழியைப் போட வேறு ஆள் இல்லை.

காகித வேலை பெரிய விஷயமில்லை, சட்டென்று சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டப் பழக 17 வயதில் எல் லைசென்ஸ் எடுக்கலாம். தேர்வெல்லாம் முடிந்தபின் இரண்டு வருஷத்துக்குப் புது ஓட்டுநருக்கான பி லைசென்ஸ், அதுவரை காரின் முன்னும் பின்னும் பி ஸ்டிக்கர். கார் கைமாற வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பகோமில் பி5 சோதனை, வங்கிக் கடன் என்றால் பி7. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் கெரானில் பெயர் மாற்ற வேண்டும். நம் ஊர் ஆர்சி புத்தகம்தான் இங்கே கெரான். இன்சூரன்ஸ் எடுத்தபின் சாலை வரி. அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. 21 வயதுக்குக் கீழ் உள்ளவரோ பி லைசென்ஸ்காரரோ ஓட்டி இடித்தால் முதல் 400 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) உங்கள் பையிலிருந்து போகும், அதற்காகக் கம்பெனியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். காம்ப்ரிஹென்சிவ் என்ற பெயரைப் பார்த்து வெள்ளமும் அதில் அடக்கம் என்று நினைக்காதீர்கள், அதைத் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை முங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் அந்தக் காசுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. அப்புறம், கடன் கிடைக்காத புது ஆள் என்று தெரிந்தால் யாராவது "சம்போங் பாயார்" பேசிக்கொண்டு வருவார்கள். அவர் பெயரில் உள்ள கடனை நீங்கள் மாதாமாதம் கட்டி, கார் கடைசி வரை அவர் பெயரிலேயே இருப்பது. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இனி என் கதை. ஊரில் "டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்" என்று விற்பார்களே, அதற்கு இங்கே பெயர் "லேடி ஓனர்". பத்து வருஷமான ஜப்பான் எஸ்யூவி, மீட்டரில் 78,000. பக்கத்திலேயே அதே மாடல், அதே வயது, 1,90,000 ஓடியது, 5,000 வெள்ளி குறைவாக நின்றது. "அண்ணே, இது அந்தம்மா கடைக்குப் போய் வந்த காடி லா, அது ஹைவேயிலே அடிபட்டது" என்றார் கடைக்காரர். அவரும் தமிழர்தான். அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 78,000 வாங்கினேன்.

மீட்டரைத் திருப்புவது நமக்குத் தெரியாத வித்தையா? திருச்சியில் என் மாமா அம்பாசடருக்கே அதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் புஸ்பகோம் பாஸ் என்ற காகிதத்தைக் கையில் கொடுத்ததும் புத்தி மழுங்கிவிட்டது. அரசாங்கம் பார்த்துவிட்டதாம்! பி5 சோதனையில் முக்கியமாகப் பார்ப்பது சேஸிஸ் எண், இன்ஜின் எண், வண்டி வெட்டி ஒட்டப்பட்டதா என்பதையெல்லாம்தான். கியர்பாக்ஸின் வயதை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இதில் அதிக விலை கொடுத்தது சின்ன நஷ்டம். பொய் மீட்டரை நம்பி நாம் செய்யும் பராமரிப்பும் பொய்யாகப் போகிறதே, அதுதான் பெரிய நஷ்டம். 78,000 தானே, ஸ்பார்க் பிளக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது, கியர் ஆயிலை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். நாலாம் மாதம் காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஓட்டியது மகள், பக்கத்தில் நான், பின்னால் வரிசையாக லாரிகள். கியர்பாக்ஸ் செலவு 6,800 வெள்ளி.

அதற்குப் பிறகுதான் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு கெரானோடு போனேன். சேஸிஸ் எண்ணைத் தட்டினார்கள். மூன்று வருஷம் முன்பே அந்தக் கார் 2,03,000 கிலோமீட்டரில் சர்வீசுக்கு வந்திருக்கிறது. அந்தம்மாவின் கடை தாய்லாந்தில் இருந்திருக்கும் போல.

நான் வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் உரிமையாளரைக் கூட்டிவா என்றிருப்பார்கள், இதுதான் சிக்கல். ஆகவே புக்கிங் பணம் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள்: உரிமையாளரோ கடைக்காரரோ என்னோடு சர்வீஸ் சென்டருக்கு வந்து பழைய பதிவைக் காட்ட வேண்டும். நல்ல வண்டி வைத்திருப்பவர் முனகிக்கொண்டாவது வருவார். "சிஸ்டத்துல எதுவும் இருக்காதுண்ணே" என்று இழுப்பவரிடம் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

கண்ணாலும் பாருங்கள். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, ஓட்டுநர் சீட்டின் கதவோரம் அமுங்கிப் போயிருக்கிறதா? டயரில் அது தயாரான நாளைச் சொல்லும் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் எந்த வாரம் என்பதை, அடுத்த இரண்டும் எந்த வருஷம் என்பதைச் சொல்லும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடியில் தயாரித்த தேதியோடு ஒரு துணிச்சீட்டு இருக்கும். அது காரைவிட இளமையாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பெல்ட்டில் சேற்றுக் கறை இருந்தால் கேட்கவே வேண்டாம், வெள்ளத்தில் முங்கிய வண்டியாக இருக்கலாம். பிறகு உங்களுக்குத் தெரிந்த போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கைகாட்டும் போமன் வேண்டாம்.

என் கணக்கில் இங்கே வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் சாதாரணம். புச்சோங்கிலிருந்து கேஎல்லுக்கு வேலைக்குப் போய் வந்தாலே பாதி ஆகிவிடும். அப்படியானால் பத்து வருஷக் காரில் 1,90,000 என்பது உண்மை பேசும் எண். அதற்கு ஏற்றபடி கியர் ஆயில், கூலன்ட், சஸ்பென்ஷன் புஷ் எல்லாவற்றுக்கும் 3,000 வெள்ளி ஒதுக்கிவைத்துவிட்டு வாங்கலாம்.

உயரமான வண்டி பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ற என் எண்ணமும் பாதிதான் சரி. உயரம் கூடினால் திடீரென்று ஒடிக்கும்போது கவிழும் அபாயமும் கூடும். பழைய எஸ்யூவிகளில் மலிவான மாடல் என்றால் சறுக்கலைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாமலே வந்திருக்கலாம். ஒன்று குறைந்தால் பரவாயில்லை என்று விடக்கூடாதது இது. 2.4 லிட்டர் இன்ஜினும் வேண்டாம், சாலை வரியும் ஏறும், பிள்ளையின் காலும் ஏறும். எல்டிபி நெடுஞ்சாலையில் இரண்டு வரிசைக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் பறக்கும்போது எஸ்யூவியின் கண்ணாடியில் விழாத இடம் எவ்வளவு பெரியது என்பதைக் காலி மைதானத்தில் நிறுத்திக் காட்டுங்கள். நான் சுற்றி நடந்தேன், மகள் உள்ளே உட்கார்ந்து "காணோம், காணோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காரை உண்மையான கிலோமீட்டரைச் சொல்லியே விற்றேன். நஷ்டம்தான். வாங்கியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போது மகள் ஓட்டுவது ஈப்போவில் ஒரு பெரியவரிடம் வாங்கிய 1.5 லிட்டர் வண்டி. வாங்கும்போது 1,86,000. சாவியோடு ஒரு பிஸ்கட் டின்னும் கொடுத்தார், முதல் சர்வீஸிலிருந்து எல்லா ரசீதும் அதில் இருந்தன. பின் சீட்டில் முருகன் படம் ஒன்று ஒட்டியிருந்தது, அதை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எடுக்கவில்லை.