பீரை ஒழுங்கா ருசி பாத்து கருத்து சொல்றது எப்படி: எங்க கொழிஞ்சாம்பாறை முறை

ஒரு வருஷமா நாங்க அஞ்சு பேர், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கொழிஞ்சாம்பாறையில (தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கேரளா ஊர்) எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து புதுசா ரெண்டு மூனு பீர் வாங்கி ருசி பாக்குறோம். ஆரம்பத்துல எல்லாரும் சொன்னது ரெண்டே வார்த்தைதான், நல்லா இருந்தா "சூப்பர்", இல்லன்னா "மொக்கை". அடுத்த மாசம் அதே பாட்டிலை எடுத்தா போன தடவை அதுல என்ன புடிச்சது என்ன புடிக்கலன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. அப்புறம் ஒவ்வொன்னா தப்பு பண்ணி, திருத்தி, இப்ப எங்களுக்குன்னு ஒரு முறை வந்திருக்கு, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்காக அதை அப்படியே எழுதறேன்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். கேரளாவுல 23 வயசு ஆகணும், தமிழ்நாட்டுல 21, அதுக்கு கீழ இருக்கறவங்களுக்கு இது இல்ல. ருசி பாத்த அன்னைக்கு வண்டிய தொடாதீங்க, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே கேஸ், எங்க மாடிக்கு வர்றவங்க எல்லாரும் ராத்திரி இங்கயே படுத்துட்டுதான் காலைல போவாங்க.

ஸ்டெப் 1: வாங்கறது

ஒன்னாந்தேதி இங்க கடை லீவு, அதை பாத்து பிளான் பண்ணுங்க. கடையில பாட்டில் கைக்கு வந்ததும் பிராண்டை பாக்கறதுக்கு முன்னாடி லேபிளை திருப்பி எப்ப தயாரிச்சதுன்னு பாருங்க. பீர் வெச்சிருக்க வெச்சிருக்க நல்லா ஆகற சரக்கு இல்ல, சாதா லாகரெல்லாம் (கடையில சாதாரணமா கிடைக்கற மஞ்சள் கலர் பீர்) எவ்வளவு புதுசோ அவ்வளவு நல்லது. பழசான பீர்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வரும், ஒரு தடவை அதை கண்டுபிடிச்சுட்டீங்கன்னா அப்புறம் மறக்காது.

அடுத்தது பாட்டில் கலர். பீருக்கு கசப்பு குடுக்கற ஹாப்ஸ்ங்கற பூ மேல வெளிச்சம் பட்டா ஒரு கந்தக நாத்தம் உருவாகும். வெளிநாட்டுக்காரங்க அதை ஸ்கங்க்னு ஒரு மிருகத்தோட நாத்தம்னு சொல்றாங்க, நாம அதை பாத்ததே இல்லையே, எனக்கு அது நசுக்கின பூண்டும் கருகின காப்பிக்கொட்டையும் கலந்த மாதிரி இருந்துச்சு. வெள்ளை பாட்டிலும் பச்சை பாட்டிலும் இந்த வெளிச்சத்தை தடுக்காது, பிரவுன் பாட்டில் பெருமளவு தடுக்கும், கேனுக்குள்ள வெளிச்சமே போகாது. அதனால ஒரே பீர் கேன்லயும் பாட்டில்லயும் கிடைச்சா நான் கேன்தான் எடுப்பேன், கேன்ல தகர வாசம் வரும்னு சொல்றவங்க கிளாஸ்ல ஊத்தி குடிச்சு பாக்கட்டும். எங்க பாலக்காட்டு வெயில் பங்குனி சித்திரையில எப்படி இருக்கும்னு தெரியும்ல, கடையிலருந்து வீட்டுக்கு வர்ற அந்த அரை மணி நேரம் பச்சை பாட்டிலை வண்டி முன்னாடி தொங்கவிட்டுட்டு வந்தாலே போதும், கெட்டுடும். ஒரு ஈரத்துணியில சுத்தி பைக்குள்ள வெச்சு எடுத்துட்டு வாங்க.

எல்லையை தாண்டி பாட்டில் கொண்டு போகாதீங்க. அந்தந்த மாநிலத்துல விக்க மட்டும்னு லேபிள்லயே போட்டிருக்கும். ஆனைமலையில இருக்கற என் மச்சானும் நானும் ஒரே பீரை அவர் அந்தப் பக்கம் டாஸ்மாக்ல வாங்கி, நான் இந்தப் பக்கம் பெவ்கோல (கேரளா அரசு மதுக்கடை) வாங்கி, போன்ல பேசிக்கிட்டே குடிச்சு பாப்போம். ஒரே பேர்ல வர்ற பீரே வேற வேற ஊர் ஃபேக்டரியில வேற வேற மாசத்துல தயாராகி வரும், அதனால ஊரும் மாசமும் எழுதி வெச்சுக்கிட்டு பேசறதுதான் நியாயம்.

ஸ்டெப் 2: கூலிங்

ஃப்ரீசர்ல வைக்காதீங்க, மறந்துட்டா வெடிக்கும். சாதாரணமா ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு மணி நேரம் நிக்க வெச்சாலே போதும். ரொம்ப ஜில்லுனு குடிச்சா நாக்கு மரத்துப்போகும், வாசமும் மேல வராது, ஐஸ் மாதிரி இருந்தா எல்லா பீரும் ஒரே பீர்தான். லாகர் 5லருந்து 7 டிகிரி, கோதுமை பீர் அதை விட கொஞ்சம் கூட, கருப்பு பீர்னா 10 டிகிரி வரைக்கும் போகலாம். தெர்மாமீட்டரெல்லாம் வேணாம், லாகரை வெளிய எடுத்து அஞ்சு நிமிஷம், கருப்பு பீரை பதினஞ்சு நிமிஷம், நம்ம ஊர் சூட்டுக்கு அது போதும்.

ஸ்டெப் 3: கிளாஸ் (இதை மட்டும் தாண்டி போயிடாதீங்க)

நான் மூனு மாசம் மாட்டிக்கிட்டது இங்கதான். எங்க வீட்டுல எந்த பீரை ஊத்தினாலும் நுரை பொங்கி வந்து பத்து எண்றதுக்குள்ள செத்துப்போகும், கடைசி மடக்குல வெறும் கசப்புத் தண்ணிதான் இருக்கும். அதே பீர் மச்சான் வீட்டுல போனா கிளாஸ் காலி ஆகற வரைக்கும் மேல ஒரு வெள்ளை ஏடு நிக்குது. அவர் அந்தப் பக்கத்து சரக்கு வேறன்னாரு, நான் நம்ம கடையில ஸ்டாக் பழசுன்னு நெனச்சேன், லேபிளை பாத்தா என்னுதுதான் ஒரு மாசம் புதுசு.

ஒரு நாள் மச்சான் எங்க வீட்டுக்கு வந்தப்போ கிளாஸை வெளிச்சத்துல தூக்கி பாத்துட்டு உள்பக்கம் ஒரு விரலால இழுத்தாரு, அந்த கோடு அப்படியே தெரியுது. "மாப்ள, இது பீர் கிளாஸா, மீன் வறுத்த சட்டியா?"ன்னு கேட்டாரு. விஷயம் என்னன்னா எங்க வீட்டுல எல்லா பாத்திரத்துக்கும் ஒரே ஸ்க்ரப்பர், அதுல தேங்காண்ணெய் ஏறிப்போய் இருக்கு, கழுவின கிளாஸ்ல கண்ணுக்கு தெரியாத ஒரு எண்ணெய் படலம். பீர் நுரை நிக்கறதே மால்ட்டுல (முளைகட்டி காயவெச்ச பார்லி) இருக்கற புரோட்டீனாலயும் ஹாப்ஸோட கசப்பாலயும்தான், துளி எண்ணெய் பட்டா அந்த நுரை உடைஞ்சுடும். நுரை போச்சுன்னா வாசமும் சேர்ந்து போச்சு, ஏன்னா வாசத்தை புடிச்சு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா விடறதே அந்த நுரைதான்.

இப்ப நான் பண்றது இதுதான். பீர் கிளாஸுக்குன்னு தனி ஸ்பாஞ்சு, அதை வேற எதுக்கும் தொடக்கூடாதுன்னு வீட்டுல சொல்லி வெச்சாச்சு. கிளாஸ்ல கொஞ்சம் சோடா உப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணியில தேய்ச்சு, நாலஞ்சு தடவை நல்ல தண்ணியில அலசி, கவுத்து வெச்சு தானா காய விடறேன், துணி போட்டு துடைக்கறதே இல்ல, துணியிலயும் எண்ணெய் இருக்கும், துவைச்ச சோப்பு வாசமும் இருக்கும். சரியா கழுவியாச்சான்னு பாக்க தண்ணியில முக்கி எடுங்க. சுத்தமா இருந்தா தண்ணி ஒரே படலமா வழிஞ்சு இறங்கும், எண்ணெய் இருந்தா வாழை இலை மேல நிக்கற மாதிரி முத்து முத்தா நிக்கும். பீர் ஊத்தின அப்புறம் கிளாஸ் பக்கவாட்டுல குமிழி ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அந்த இடத்துல அழுக்கு இருக்குன்னு அர்த்தம். நல்லா கழுவின கிளாஸ்ல ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையமா நுரை ஒட்டி நிக்கும், குடிச்சு முடிச்சுட்டு எண்ணி பாக்கலாம், நான் முதல் தடவை ஏழு வளையம் பாத்தேன், அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

என்ன கிளாஸ்னு கேட்டா, வாய் கொஞ்சம் உள்ள குறுகின கிளாஸ், ஒயின் கிளாஸ் கூட போதும். ஸ்டீல் டம்ளர் வேணவே வேணாம், கலரும் தெரியாது நுரையும் தெரியாது. ஃப்ரீசர்ல வெச்சு பனி புடிச்ச மக்கும் வேணாம், அந்த ஐஸ் உருகி பீர்லதான் கலக்கும்.

ஸ்டெப் 4: ஊத்தறது

கிளாஸை சாய்ச்சு பாதி, அப்புறம் நிமித்தி மீதி, மேல ரெண்டு விரக்கடை நுரை. கோதுமை பீர்னா கடைசி கால்வாசியை பாட்டில்லயே ஒரு சுத்து சுத்திட்டு ஊத்துங்க, அடியில இருக்கற ஈஸ்ட்டும் வரணும். ஒரு ஆளுக்கு 100 மில்லி போதும், 650 மில்லி பாட்டில் அஞ்சு பேருக்கு தாராளம்.

நடுவுல ஒரு விஷயம். பீர்ல கிளிசரின் கலந்திருக்குன்னு நம்பி, பாட்டிலை தண்ணி கிளாஸ்ல தலைகீழா கவுத்து அந்த "கிளிசரினை" எடுக்கறதை நம்ம பசங்க நிறைய பேர் இன்னும் பண்றாங்க. கீழ எண்ணெய் மாதிரி இழை இழையா இறங்கறது கிளிசரின் இல்லங்க, பீரேதான். புளிச்சு முடிஞ்ச அப்புறமும் பீர்ல கொஞ்சம் மாவுச்சர்க்கரை மிச்சம் இருக்கும், அதனால தண்ணியை விட கொஞ்சூண்டு கனம், அது கீழ இறங்கும் தண்ணி மேல ஏறும். நீங்க பாட்டில்ல பாதி பச்சைத்தண்ணி ஏத்திட்டு அதை குடிக்கறீங்க. தயவு செஞ்சு நிறுத்துங்க.

ஸ்டெப் 5: மூக்கு முதல்ல, வாய் அப்புறம்

ஒரு சோதனை பண்ணுங்க. மூக்கை நல்லா பொத்திக்கிட்டு கொஞ்சம் சீரகத்தை வாயில போட்டு மெல்லுங்க, ஒன்னுமே தெரியாது, லேசா கசக்கும். மூக்கை விட்டதும் சீரகம் திடீர்னு வந்து நிக்கும். நாம ருசின்னு சொல்றதுல பெரும்பங்கு மூக்குதான். அதனால ஊத்தினதும் நுரை இருக்கறப்பவே ரெண்டு சின்ன மோப்பம், அப்புறம் ஒரு மடக்கு, வாய் முழுக்க சுத்தவிட்டு முழுங்கிட்டு வாயை மூடிக்கிட்டு மூக்கு வழியா மூச்சை விடுங்க. துப்பிடாதீங்க, பீரோட கசப்பு முழுங்கின அப்புறம்தான் முழுசா தெரியும்.

எங்க பாலக்காட்டு சித்தூர் பக்கம் தென்னங்கள்ளு குடிச்சு வளந்தவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு. கள்ளு காத்துல இருக்கற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து தானா புளிக்கறது, காலை கள்ளுக்கும் சாயந்தர கள்ளுக்கும் புளிப்பு வித்தியாசம் நாக்குக்கு பழகியிருக்கும், பீர்ல புளிப்பு துளி கூடினாலும் புடிச்சுடுவாங்க. மச்சான் பாவம், தமிழ்நாட்டுல 1987லருந்து கள்ளுக்கு தடை, அவருக்கு அந்த பழக்கமே இல்ல.

ஸ்டெப் 6: எழுதறது

பத்துக்கு எத்தனை மார்க்குன்னு போடாதீங்க, அது ஆறு மாசம் கழிச்சு ஒன்னும் சொல்லாது. நாலு வரி எழுதுங்க: மூக்குல என்ன, வாயில என்ன, முழுங்கின அப்புறம் என்ன, திரும்ப காசு குடுத்து வாங்குவேனா. வார்த்தையை நம்ம அடுப்படியிலருந்து எடுங்க. வேகவெச்ச சோளக்கருது, வெண்ணெய், பச்சை ஆப்பிள், இதெல்லாம் நிஜமாவே பீர்ல வரும், சாதா லாகர்ல இதுல ஏதாவது தூக்கலா இருந்தா தயாரிப்புல ஏதோ குறைன்னு அர்த்தம். ஜெர்மன் கோதுமை பீர்ல வாழைப்பழ வாசம் வந்தா அது குறை இல்ல, பழுத்த பழத்துல இருக்கற ஐசோ அமைல் அசிடேட்ங்கற அதே வாசனைப் பொருளை அந்த ஈஸ்ட்டே உண்டாக்குது.

என் நோட்டுலருந்து கடைசி நாலு:

ஹூகார்டன், பெங்களூர் போனப்போ குடிச்சது. மூக்குல மல்லி வெதையை வெறும் சட்டியில வறுக்கறப்ப வர்ற முதல் வாசம், பின்னால ஆரஞ்சு தோல். ரெண்டுமே நிஜமா போடறாங்க. பெல்ஜியத்துல ஹூகார்டன்ங்கற கிராமத்துல இந்த வகை கோதுமை பீரே அத்துப்போய் கிடந்ததை 1960கள்ல பியர் செலிஸ்னு ஒரு பால்காரர்தான் மறுபடி உண்டாக்கினாரு, அதை படிச்சதுலருந்து எனக்கு இது மேல தனி மரியாதை. கண்டிப்பா வாங்குவேன்.

கிங்ஃபிஷர் பிரீமியம். காஞ்ச வைக்கோல், லேசான இனிப்பு, முழுங்கினதும் வாய் சுத்தம். எங்க மத்தியான வெயிலுக்கும் கப்பைக்கிழங்குக்கும் இதுதான் பொருத்தம். வாங்குவேன்.

அதோட ஸ்ட்ராங். சூடு தொண்டையில தெரியுது, இனிப்பு கூட. நம்ம நாட்டு சட்டப்படி 5 சதவீதத்துக்கு மேல 8 வரைக்கும் ஸ்ட்ராங், பெரும்பாலானவங்க வாங்கறதும் ஸ்ட்ராங்தான். எனக்கு ருசிக்கு வேணும், அதனால வாங்க மாட்டேன்.

கின்னஸ் கேன், வளைகுடாவுலருந்து வந்த பெரியப்பா பையன் ஏர்போர்ட்ல வாங்கினது. கருப்பா இருக்கே பயங்கர ஸ்ட்ராங்கா இருக்கும்னு எல்லாரும் பயந்தாங்க, பாத்தா 4.2 சதவீதம்தான், அந்த கலர் கருக வறுத்த பார்லியால வர்றது. உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் பந்து, கேனை திறந்ததும் நைட்ரஜனை விட்டு நுரையை பால் ஏடு மாதிரி ஆக்குது. சிக்கரி கலக்காத டிகாக்ஷன் வாசம். கிடைச்சா வாங்குவேன்.

ஸ்டெப் 7: பேர் தெரியாம குடிக்கறது

இதை பண்ணலன்னா மேல சொன்னதுல பாதி வீண். ஒருத்தர் உள்ள போய் ஊத்திட்டு வரணும், கிளாஸ் அடியில நம்பர் ஒட்டணும். இன்னும் நல்லது மூனு கிளாஸ் முறை: ரெண்டுல ஒரே பீர், ஒன்னுல வேற, எது தனின்னு சொல்லணும். எங்க குரூப்ல ரெண்டு பேர் வருஷக்கணக்கா ஒரே பிராண்டுக்காக சண்டை போட்டவங்க, ரெண்டு பேருமே தப்பா காட்டினாங்க, அதுக்கப்புறம்தான் எங்க பேச்சுல பிராண்டு பேர் குறைஞ்சு ருசியோட பேர் வர ஆரம்பிச்சுது. வரிசை எப்பவும் லேசானதுலருந்து கனமானதுக்கு, நடுவுல பச்சைத்தண்ணியும் வெறும் பொரியும்.

பின்சேர்க்கை: இதை படிச்சுட்டு வேலந்தாவளத்துலருந்து ஒருத்தர், கிளாஸை நீங்க சொன்ன மாதிரியே சோடா உப்பு போட்டு கழுவிட்டேன், முதல் ரெண்டு மடக்கு நுரை நிக்குது அப்புறம் செத்துப்போகுதுன்னு எழுதியிருந்தாரு. தொட்டுக்க என்னன்னு கேட்டேன், நேந்திரங்கா சிப்ஸாம். உதட்டுல இருக்கற எண்ணெய் மடக்குக்கு மடக்கு கிளாஸ்ல இறங்குது, அதேதான். ருசி பாத்து எழுதி முடிக்கற வரைக்கும் சிப்ஸ், பீஃப் ஃப்ரை, அப்பளம் எதையும் மாடிக்கு ஏத்தாதீங்க, எழுதி முடிச்சுட்டு மீதி பீரோட சாப்பிட்டுக்கலாம். அவர் போன ஞாயித்துக்கிழமை பொரி மட்டும் வெச்சு பண்ணி பாத்துட்டு கிளாஸ் போட்டோ அனுப்பியிருக்காரு, அஞ்சு வளையம்.