தூக்க மாத்திரையும் மரத்துப்போன விரலும்: நோட்டில் என்ன எழுதுவது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது

யாங்கூனில் காளி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி என் தையல் மெஷின். ஜூன் வந்தால் பள்ளிக்கூடம் திறக்கும். வெள்ளைச் சட்டையும் பச்சை லோஞ்சியும் தைத்தே முதுகு ஒடியும். அப்படியொரு ஜூனில் வெள்ளைச் சட்டைக் காலரில் சிவப்புப் பொட்டு பார்த்தேன். ஊசி விரலில் ஏறியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

அதற்கு ஏழு மாதம் முன்பு வீட்டுக்காரர் தவறிப்போனார். தூக்கம் வராமல் தவித்தபோது டாக்டர் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம், ராத்திரிக்கு ஒன்று, இரண்டே வாரத்துக்கு எழுதித் தந்தார். இரண்டு வாரத்தை ஏழு மாதமாக்கியதும், ஒன்றை இரண்டாக்கியதும் நான். மருந்துக்கடையில் சீட்டு கேட்கவில்லை; நானும் காட்டவில்லை.

“மாத்திரைதான் நரம்பைக் கெடுக்குது” என்று அண்ணி சொன்னதும் மீதியைச் சாக்கடையில் போட்டேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் உடம்பு முழுக்க எறும்பு ஊர்ந்தது. கண் இமை துடித்தது, கை நடுங்கியது, பக்கத்து வீட்டு டம்ளர் சத்தம்கூடக் காதில் அறைந்தது. நரம்பை அமைதிப்படுத்த மூளையில் காபா என்றொரு ரசாயனம் உண்டு. இந்த மாத்திரை அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளை அதற்குப் பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் நரம்பெல்லாம் கூச்சல் போடும். சிலருக்கு வலிப்பே வரும். இந்த வகை மாத்திரை எல்லாவற்றுக்கும் இதற்கான கடும் எச்சரிக்கையை 2020-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அட்டையில் போடச் சொன்னது. அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். தையல் அளவு எழுதுகிற பழைய நோட்டே போதும். மாத்திரை போட்ட மணி, தொந்தரவு வந்த மணி, எந்த இடம், எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அன்று மாத்திரை விட்டுப்போயிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு நாள்: “ராத்திரி 10 மணிக்கு மாத்திரை. 3 மணிக்கு வலது கை மரத்து முழிப்பு. கட்டை விரல், அடுத்த இரண்டு. சுண்டு விரல் நன்றாக இருக்கு. உதறினால் சரியாச்சு.”

அந்தச் சுண்டு விரல் வரிதான் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தது. சயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) படித்துவிட்டு என் மணிக்கட்டை மடக்கிப் பிடித்தார். ஒரு நிமிடத்துக்குள் அதே மூன்று விரலும் மரத்தன. நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்ததில் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. மாத்திரை அந்தப் பழிக்கு ஆளில்லை. ஆனால் மாத்திரை நிறுத்திய நாட்களில் வந்த எறும்பும் நடுக்கமும் அதன் கணக்குதான். நோட்டு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நோயாகக் கிடந்திருக்கும்.

டாக்டரிடம் சொல்லும்போது வார்த்தையில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதலில் பர்மியத்தில் “தோன்தே”, அதாவது மரத்திருக்கு, என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். மரத்துப்போவது வேறு, குறுகுறுப்பது வேறு, எரிவது வேறு, பலம் இல்லாமல் சாமான் நழுவுவது வேறு. இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரிந்தால் சர்க்கரையும் வைட்டமின் பி12-உம் பார்ப்பார்கள். சைவக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் அதை மறக்காமல் சொல்லுங்கள். படுத்ததும் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்துக்கு என்று சாப்பிடும் சில அலர்ஜி மாத்திரைகள் அதைக் கூட்டும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை சாப்பிடும் பெண்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 2013-ல் அமெரிக்காவில் பெண்களுக்கான தொடக்க அளவை 10-லிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தார்கள், காலையில் வண்டி ஓட்டும்போதும் மருந்து ரத்தத்தில் நின்றதால்.

இன்னொன்று, அட்டை. இங்கே கத்தரித்து நாலு, ஐந்தாகத் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் வேறு துண்டோடு போய்விடும். பெயருள்ள துண்டைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். பெயரில்லாமல் ஒரு வேளைக்கு நாலைந்து மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டித் தந்தால் வாங்கவே வேண்டாம்.

நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டிய நேரமும் உண்டு. முகம் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கை, கால் விழுந்தால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், தூங்குகிறவரை எழுப்ப முடியாமல் மூச்சு மெதுவானால் உடனே ஆஸ்பத்திரி. மதுவோடும், கோடீன் சேர்ந்த இருமல் மருந்தோடும் இந்த மாத்திரை சேரவே கூடாது.

எனக்கு சயாமா பழைய அளவை மறுபடி தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கால் மாத்திரையாகக் குறைத்தார். என் கணக்கு அது, உங்களுக்கு உங்கள் டாக்டர் போடுவார். மணிக்கட்டுக்கு ராத்திரி பட்டை. அப்புறம், சாப்பாட்டுக்குப் பிறகு கொறிக்கிற லப்பெட்டையும் பகலுக்கு மாற்றச் சொன்னார். தேயிலைதானே அது! பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் முழித்திருக்கத் தின்பதை நான் பத்து மணிக்குத் தின்றுவிட்டு, பதினொரு மணிக்கு மாத்திரை தேடியிருக்கிறேன்.