கடல்வளக் கூட்டாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் அண்மையில் நடைபெற்ற கலந்துரையாடல் ஒன்றில், பன்னாட்டு மீன்வள ஆய்வொன்றின் ஒருங்கிணைப்புப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருந்த இளம் ஆய்வாளர் ஒருவர் தமது திட்ட அட்டவணையைத் திரையில் காட்டினார். சுறா மாதிரிகளைச் சேகரித்தல், ஐரோப்பிய ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல், பகுப்பாய்வு என்பன வரிசையாக நின்றன; அனுமதி என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. என் பழைய அட்டவணையையே யாரோ எடுத்து வந்து காட்டுவது போலிருந்தது. நேர வித்தியாசத்தை மறந்து கூட்டம் குறிப்பது போன்ற தவறுகளை எவரும் ஒருமுறை பட்டதும் திருத்திக்கொள்வர் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மாதிரிகளை அனுப்பும் வழியைக் கடைசியில் யோசித்தல்

2023ஆம் ஆண்டில் நீர்கொழும்பு, பேருவளை ஆகிய துறைகளிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் விடியுமுன்பே போய் நின்று, சுறாத் துடுப்புகளிலிருந்து நகக்கண் அளவிலான திசுத் துண்டுகளைச் சேகரித்து எத்தனாலில் இட்டு வைத்தோம். திட்டத்தை எழுதிய காலத்தில், நாம் அதிகம் எதிர்பார்த்த கார்காரினிடே குடும்பத்தில் சில்க்கி சுறாவும் பெருங்கடல் வெண்முனைச் சுறாவும் மட்டுமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில், அதாவது அனுமதியுடன் மட்டுமே எல்லை கடக்கக்கூடியவற்றின் பட்டியலில், இருந்தன. ஆனால் 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாடு அக்குடும்பம் முழுவதையும் அதில் சேர்த்தது. 2023 நவம்பர் 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு முன்னறிவிப்பு இருந்தும் நான் கவனிக்கவில்லை என்பதே இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அன்றைய தினம் எங்கள் குழாய்கள் அனைத்தும் இன்னும் குளிரூட்டியிலேயே கிடந்தன.

அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்றுமதி அனுமதி தேவைப்பட்டது. அது கிடைத்தால் போதும் என்று எண்ணியது இரண்டாவது தவறு. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய இனங்களுக்குத் தன் பக்கத்திலும் இறக்குமதி அனுமதி கேட்கிறது. ஏற்றுமதி அனுமதியோ ஆறு மாதங்களுக்கு மேல் செல்லாது. பங்காளர்கள் தங்கள் விண்ணப்பத்தை மெதுவாகப் பூர்த்தி செய்துகொண்டிருக்க, எங்கள் தாள் காலாவதியானது. பதிவு பெற்ற விஞ்ஞான நிறுவனங்கள் வணிக நோக்கமின்றித் தமக்குள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ள உடன்படிக்கையில் ஒரு விலக்கு உண்டு. இரு தரப்பும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அப்போதுதான் படித்தேன். போதாக்குறைக்கு, எத்தனால் தீப்பற்றக்கூடியது என்பதால் வான்வழிச் சரக்கில் அதற்கெனத் தனி விதிகள். நிதி முடிந்தது, ஆய்வு மாணவி ஒருவர் தமது ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தையே கைவிட நேர்ந்தது.

ஆகவே திட்ட முன்மொழிவை எழுதுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாதிரி நாட்டைவிட்டுப் போகத்தான் வேண்டுமா என்பது. மரபணுப் பிரித்தெடுப்பும், அதைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையும் கொழும்பிலேயே செய்யத்தக்கவை. விமானச் செலவுக்கென ஒதுக்கும் பணத்தின் ஒரு பகுதியை இரசாயனங்களுக்கு மாற்றினால், எல்லையைக் கடப்பவை பெரும்பாலும் மரபணு வரிசைத் தரவுகளாகவே இருக்கும். அத்தரவு யாருக்குரியது, முதலில் யார் வெளியிடுவது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். நட்பை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பருவக்காற்றை மறத்தல்

நிதி வழங்குவோரின் ஆண்டுக்கணக்குக்கு நம் கடல் கட்டுப்படாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேற்குக் கரையில் சிறு வள்ளங்கள் பல கரையேறிவிடும். மீனவர் சிலர் கிழக்கே சென்று வாடி (தற்காலிகக் குடில்) அடிப்பர். பலநாட் படகுகள் மட்டும் போய்வரும் ஜூன் மாதத்தில் நீர்கொழும்பில் எடுத்த கணக்கை முழு ஆண்டுக்கும் பெருக்குவது எத்தகைய ஆய்வு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப் பெயரை மட்டும் பதிதல்

சூரை என்பது ஒரே மீன் அன்று; பல இனங்களை அப்பெயரால் அழைப்பர். புகைப்படமும் விஞ்ஞானப் பெயரும் கட்டாயம்.

வெளிநாட்டுக் கப்பலை நம்பித் திட்டமிடுதல்

2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களின் வருகைக்கு இலங்கை ஓராண்டுத் தடை விதித்தது. மாற்று வழி இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்.

இவற்றையெல்லாம் கேட்டுச் சென்ற அந்த இளம் ஆய்வாளர், மறுநாள் திருத்திய அட்டவணையை எனக்கு அனுப்பினார். அனுமதி முதல் வரிக்கு வந்திருந்தது. அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த காலம் இரண்டு வாரம்.